மங்களம் பாடாத மதியம்

முன்னொரு காலத்தில், அரசர்களுக்கு வேலை குறைவாகவும் சந்தேகம் அதிகமாகவும் இருந்த ஒரு நாட்டில், ஓர் அரசர் ஒரு பாட்டைக் கேட்டுக் கண்கலங்கினார். எழுதியவர் அவைப்புலவர் திருமேனியார். பாடியவள் அவைப்பாடகி வடிவுடையாள். அழுதோமா, துடைத்தோமா என்று இருந்திருக்கலாம். அன்றைய மங்களம் பாடி முடிந்ததும், துடைத்த ஈரம் காயும் முன்னே அரசருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நம்மை அழவைத்தது கவிதையா, இசையா?"

புலவருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல். எழுதுவது அவர், கைதட்டலோ பாடகிக்கு. போதாக்குறைக்கு விகடகவி சாத்தப்பன் வேறு அவரைச் சபையில் வைத்துக் கிண்டலடிப்பான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் பார்த்தார்.

"மன்னர் மன்னா! கவிதை சோறு, இசை அதைப் பரிமாறும் வெறும் இலை. இரண்டையும் பிரித்து வைத்தால் உண்மை விளங்கும். எது பெரிது என்று நம் சாத்தப்பனே தீர்ப்புச் சொல்லட்டும். மற்றது இந்த அவைக்கு எதற்கு?"

அரசருக்கு அது பிடித்துப்போயிற்று. "இக்கணம் முதல் நம் அவையில் சொல்லும் இசையும் சேரக்கூடாது. சேர்ப்பவர் நாடு கடத்தப்படுவர். சாத்தப்பா, நாளை அவையில் தீர்ப்புச் சொல். தோற்றவர் வெளியேற வேண்டும். தீர்ப்பில் நமக்கு ஐயம் எழுந்தால் நீயும் துணைக்குப் போகலாம்."

சாத்தப்பனுக்கு வியர்த்தது. கவிதை என்றால் வடிவுடையாள் மூட்டை கட்ட வேண்டும். இசை என்றால், அரசரே ரகசியமாகக் கவிதை எழுதுகிறவர் என்பதால், தன் தலைக்கே ஆபத்து. நேரே வடிவுடையாள் வீட்டுக்குப் போனான். அவள் வீணையை மடியில் வைத்துக்கொண்டு வாயை இறுக மூடியிருந்தாள்.

"என்னக்கா, வாயில கொழுக்கட்டையா?"

"கம்பியத் தொட்டாலே வாய் தானா வார்த்தையத் தேடுது சாத்தப்பா. நாளைக்கு அவையிலயும் இப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு. இந்த அவைய விட்டா எனக்கு வேற போக்கிடம் இல்ல."

"உண்மையச் சொல்லு. எது பெருசுக்கா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வெறும் ராகம் பாடினா மனசு கனக்கும், ஆனா யாருக்காகன்னு தெரியாது. வெறும் சொல்லப் படிச்சா யாருக்காகன்னு தெரியும், ஆனா கனக்காது. இதுல எதப் பெருசுங்கறது? புலவர் என்னைத் திட்டினாலும் அவர் சொல்லு எனக்கு வேணும்பா."

விகடம் பேசுகிறவன் அழுதால் ஊர் சிரிக்கும் என்று சாத்தப்பன் சட்டென எழுந்துவிட்டான்.

மறுநாள் அவை கூடியதும், "முதலில் இருவரையும் தனித்தனியே கேட்போம்" என்றான். வடிவுடையாள் வாய் திறக்காமல் வீணை வாசித்தாள். புலவர் கவிதைகளைப் படித்தார். பாதியில் அவர் குரல் தன்னையறியாமல் இழுக்க, "ராகம் வருகிறது புலவரே!" என்று சாத்தப்பன் கத்தினான். பாவம், மனிதர் மிச்சத்தைத் தண்டோரா போடுகிறவன் போல ஒப்பித்து முடித்தார்.

நடுப்பகல் ஆயிற்று. மடைப்பள்ளியிலிருந்து நெய் மணம் வந்தது. அரசர் எழப்போனார்.

"மன்னா! மங்களம் இன்னும் பாடவில்லையே!" என்றான் சாத்தப்பன்.

அரசர் அப்படியே உட்கார்ந்தார். சங்கீதம் தொடங்கிய சபையில் மங்களம் பாடி முடியும் முன் யார் எழுந்தாலும் நாட்டுக்கு ஆகாது என்பது அவருடைய பாட்டனார் வகுத்த வழக்கம். அதை மீறிய அரசர் இல்லை.

"பாடுங்கள், சீக்கிரம்!"

புலவர் தாம் எழுதிய மங்களத்தையே படபடவென்று சொன்னார். அரண்மனைப் புரோகிதர் தலையை ஆட்டி மறுத்தார். "இது சொன்னது. பாடியது ஆகாது."

வடிவுடையாள் அதே மங்களத்தை வீணையில் வாசித்தாள். புரோகிதர் மறுபடியும் தலையை ஆட்டினார். "யாரை வாழ்த்தினாள் என்றே தெரியவில்லையே!"

"அப்படியானால் இருவரும் சேர்ந்து..." என்று ஆரம்பித்த அரசர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சேர்ந்தால் நாடு கடத்தல், மன்னா. தங்கள் ஆணை" என்றான் சாத்தப்பன் மிகப் பணிவாக.

எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சோறு ஆறியது. அரசருக்குக் கால் மரத்தது. புலவரின் வயிறு சபைக்கே கேட்கும்படி இரைந்தது.

"சாத்தப்பா, தீர்ப்பையாவது சொல்லித் தொலை!"

"சொல்கிறேன் மன்னா. தங்களை இந்த ஆசனத்திலிருந்து எழுப்ப வல்லது எதுவோ அதுவே பெரிது. கவிதை முயன்றது, முடியவில்லை. இசை முயன்றது, முடியவில்லை. தோற்றவரை வெளியேற்றலாம் என்றால் இரண்டுமே தோற்றிருக்கின்றன. ஆனால் அவர்கள் வெளியேறவும் முதலில் மங்களம் பாட வேண்டுமே!"

அரசர் அவனை உற்றுப் பார்த்தார். மரத்த காலைத் தடவினார். பிறகு, "ஆணையை மீட்டுக்கொண்டோம். சேர்த்தே பாடு தாயே!" என்றார்.

வடிவுடையாள் பாடினாள். ஒரு நாள் முழுக்க அடக்கிவைத்த குரல். கடைசிச் சொல்லில் அவள் நெடுநேரம் நின்றாள். அத்தனை பசியிலும் யாரும் அசையவில்லை. பாடி முடித்த பின்னும் ஒருவரும் எழவில்லை.

புலவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, அந்த வரியை நானா எழுதினேன்?" என்றார்.

"நீங்கதான் எழுதினீங்க ஐயா. அதனாலதானே என்னால பாட முடிஞ்சுது."

அரசர் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டு, அன்றைய பந்தியில் முதல் இலையும் அவனுக்கே என்றார். ஆறிய சோறுதான், ஆனாலும் புலவர் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.