தலைவர் படிக்காத நாவல்

ஒரு வாட்ஸ்அப் குழுவில் நான்கு அறிவாளிகள் குடியிருந்தார்கள். குழுவின் பெயர் நுனிப்புல் வாசகர் வட்டம். தலைவர் சங்கரன்கோவில் சுந்தரவடிவேல். அவர் படிக்காத புத்தகமே இல்லை என்பது ஊரறிந்த விஷயம். ஊருக்கு அதைச் சொன்னவரும் அவர்தான்.

ஒரு ஞாயிறு காலை வீடியோ காலில் புத்தகம் கண்டுபிடிக்கும் போட்டி வைத்தார்கள். கடையநல்லூர் நசீர் ஒரு புத்தகத்தை நினைத்துக்கொள்வார். தலைவர் பத்துக் கேள்விக்குள் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் தலைவர் பதவி நசீருக்கு. எந்தப் புத்தகத்திலும் பன்னிரண்டாம் பக்கம் தாண்டாத தலைவருக்கு உள்ளூர உதறல்தான்.

நாகர்கோவில் டீச்சர் ரெஜினா விதிகளை வாசித்தார். எல்லோரும் படித்த புத்தகமாக இருக்க வேண்டும். பதில் ஆமாம், இல்லை மட்டுமே. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மைக்கை அணைக்க வேண்டும். உடனே நால்வரும் அணைத்துவிட்டு, யாராவது பேசுவார்கள் என்று இருபது நிமிடம் காத்திருந்தார்கள். வட்டத்தின் ஒழுக்கத்தை நினைத்துத் தலைவருக்குப் பெருமையாக இருந்தது.

கூகுளைப் பார்க்கக் கூடாது என்பது கடைசி விதி. ராஜபாளையம் குலசேகரனின் போனில் அந்தப் பெயர் முகப்பிலேயே இருந்தது. அவர் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

தலைவர் கனைத்துக்கொண்டு, அது நாவலா கவிதையா என்று கேட்டார். ஆமாம் என்றார் நசீர். எத்தனை பக்கம் என்றதற்கு, இல்லை என்றார்.

"பக்கமே இல்லாத புத்தகமா?" என்று தலைவர் திகைத்தார்.

"அட்டை மட்டும் இருக்கும்," என்றார் குலசேகரன், துண்டுக்குள்ளிருந்து.

"அப்படின்னா நாம முழுசா படிச்சது அது ஒண்ணாத்தான் இருக்கும்," என்றார் ரெஜினா.

நல்ல புத்தகமா என்றதற்கு, நசீர் யோசிக்காமல் இல்லை என்றார். எழுதியவன் உயிரோடு இருக்கிறானா? ஆமாம். இன்னும் எழுதுகிறானா? ஆமாம். தலைவருக்கு அவன்மேல் கோபமே வந்துவிட்டது. இப்படியே கேட்டுக் கேட்டுப் பத்தாவது கேள்விக்கு வந்தார்.

"இப்படி எழுத அந்த ஆளுக்கு வெட்கமா இல்லையா?"

"இல்லை," என்றார் நசீர். "கேள்வி முடிஞ்சுது. அது நீங்க எழுதின நாவல்தான் அண்ணாச்சி."

தலைவருக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பதவி பெரிதல்லவா.

"போட்டி செல்லாது. எல்லாரும் படிச்ச புத்தகமா இருக்கணும். நான் அதைப் படிக்கல."

"எழுதினது நீங்கதானே?" என்றார் ரெஜினா.

"எழுதுற மும்முரத்துல படிக்க எங்க நேரம்?"

மூவரும் கூடிப் பேசி, அது நியாயம்தான் என்று முடிவு செய்தார்கள். தலைவர் அதைப் படித்து முடிக்கும்வரை பதவியில் இருக்கலாம். அவரிடமோ ஒரு பிரதிகூட இல்லை. நசீரின் பிரதியை அனுப்பச் சொன்னார்கள். நசீர் அதைத் தேடி எடுத்து, தூசி தட்டி, முதல் பக்கத்தைக் கேமராவில் காட்டினார்.

"அனுப்ப முடியாது அண்ணாச்சி. 'இது தங்களுக்கு மட்டும்'னு நீங்களே கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கீங்க."

மற்ற இருவரின் பிரதிகளிலும் அப்படியே இருந்தது. ஆக, சுந்தரவடிவேல் இன்று ஆயுட்காலத் தலைவர். எங்கேயாவது தன் நாவல் கண்ணில் பட்டுப் படிக்கும்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில் புத்தகக் கடைப் பக்கமே போவதில்லை. அந்தப் பயம் அநாவசியம் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும்.