வல்லாரைச் செல்

பூங்கோதைக்கு மறுநாள் காலை தீட்சை. அன்று மாலை குற்றாலலிங்கம் ஒரு சின்ன கிரீம் டப்பாவைக் கொண்டுவந்து குருவின் முன் வைத்தார். ஆசிரமத்தின் மூத்த சீடர் அவர்தான். வயதில் குருவையும்விடப் பெரியவர்.

டப்பா பூங்கோதையின் பைக்குள் இருந்ததாம். தினமும் முகத்தில் பூசுகிறாளாம். இப்படிப்பட்டவளுக்குத் தீட்சை கொடுக்கலாமா என்று கேட்டார்.

குரு டப்பாவைத் திறந்து முகர்ந்தார். "வாசனை ஒண்ணும் இல்லையே. நீங்க பூசிப் பார்க்கலையா?"

"நானா?"

"பையைத் திறந்தவர் டப்பாவையும் திறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

ஆள் அனுப்பியதும் பூங்கோதை வந்தாள். வழக்கம்போல இடது கன்னம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி நின்றாள். ஸ்டவ் வெடித்ததில் வெந்துபோன கன்னம்.

டப்பா தன்னுடையதுதான் என்றாள். வல்லாரைச் செல்லின், அதாவது அந்தக் கீரையின் உயிரணுவின், சாறு கலந்த கிரீம். இங்கே வருவதற்கு முன்னால் அந்தச் சாறு எடுக்கும் கூடத்தில்தான் அவளுக்கு வேலை. வயல் வயலாக வல்லாரை பறிக்க வேண்டியதில்லை. ஓர் இலையைக் கீறிக் குப்பியில் வைத்தால் போதும். கீறிய இடத்தில் புதுச் செல்கள் வெள்ளையாகத் திரண்டு வரும். அதை வளர்த்துத்தான் சாறு எடுப்பார்கள்.

"கீறாத இடத்துல?" என்று கேட்டார் குரு.

"பெரும்பாலும் அங்க ஒண்ணும் வராது, ஐயா."

"இதைப் பூசினா தழும்பு போயிடுமா?"

"போகாது. தோல் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். தெரிஞ்சுதான் பூசுறேன்."

குற்றாலலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"இங்க கண்ணாடியே கிடையாதே, எப்படிப் பூசுற?" என்றார் குரு.

"கையால தடவித்தான்." அவள் சற்று நிறுத்தினாள். "முன்னெல்லாம் இந்தக் கன்னத்தைத் தொடாமத்தான் முகம் கழுவுவேன், ஐயா. இப்ப கை அங்க போகுது."

குரு டப்பாவை மூடி அவளிடமே கொடுத்தார். காலையில் குளித்துவிட்டுச் சீக்கிரம் வரச் சொன்னார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். போகும்போது எந்தக் கன்னம் யார் பக்கம் இருக்கிறது என்று கவனிக்கவில்லை.

குற்றாலலிங்கம் நகரவில்லை. எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்த தானும், ஒரு டப்பாவைக்கூட விடாத அவளும் ஒன்றா என்று கேட்டார்.

"நேத்து என் மகன் வாசல் வரைக்கும் வந்தான். மத்தியானம் முழுக்க நின்னான். நான் எட்டிக்கூடப் பார்க்கலை. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்புறம்?"

"அவ தொடாமக் கழுவின இடம் எதுன்னு அவளே சொல்லிட்டா," என்றார் குரு. "நீங்க எந்த இடத்தைத் தொடாமக் கழுவுறீங்க?"

எந்த இடமும் இல்லை என்று சொல்லத்தான் குற்றாலலிங்கம் வாயெடுத்தார். ஆனால் பார்வை மகன் நின்ற வாசல் பக்கமே போனது.