கருடசாமியும் காக்கையின் குரலும்

ஏரிக்கரைக் காட்டில் ஓர் ஆலமரம். அதில் முரசன் என்ற கிழட்டுக் காகம் குடியிருந்தான். அவனுடைய இடது இறக்கை சற்றுத் தொங்கும். மழைக்காலத்தில் வலிக்கும். அந்த இறக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. கேட்கத்தான் ஆளில்லை.

அவன் இளமையில் அந்த மரம் மயில்களுடையதாக இருந்தது. மேல்கிளையில் வேறு பறவை உட்காரக் கூடாது. மயில்கள் குடித்துக் கரையேறிய பிறகுதான் மற்றவை ஏரியில் அலகு வைக்கலாம். முரசன்தான் முதலில் மேல்கிளையில் போய் உட்கார்ந்தான். மயில்கள் கொத்தித் தள்ளின. இறக்கை முறிந்தது. விழுந்த இடத்திலிருந்தே கரைந்தான். காக்கைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒன்று கரைந்தால் போதும், ஏன் எதற்கு என்று கேட்காமல் எல்லாம் திரண்டு வந்துவிடும். அன்றும் வந்தன. மயில்கள் தோகையைச் சுருட்டிக்கொண்டு மலைக்குப் போயின. மரம் எல்லாருக்கும் பொது என்றாயிற்று.

முறிந்த இறக்கை கூடும்வரை அவனுக்கு இடம் கொடுத்தவை அந்த மரத்து வௌவால்கள். தலைகீழாகத் தொங்கியபடியே, தங்கள் சிறகால் அவனை மழைக்கு மறைத்தன.

இதெல்லாம் பழைய கதை. இப்போதைய இளங்காகங்களுக்கு மயில் என்றால் அழகான பறவை, அவ்வளவுதான். "தாத்தா மறுபடி இறக்கையைக் காட்ட ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரித்துக்கொண்டே பறந்துவிடும். முரசனுக்கு அலுத்துப் போயிற்று. மனைவி மையாளோடும், கடைசிக் காலத்தில் வாய்த்த ஒரே குஞ்சோடும் கீழ்க்கிளையில் நாளைத் தள்ளினான்.

அதே ஏரியில் ஒரு செம்பருந்து மீன் திருடிப் பிழைத்தான். நாரையின் வாயிலிருந்தே பிடுங்குவான். செத்த மீன் மிதந்தாலும் விடமாட்டான். மீன்திருடன் என்றால் காட்டில் தெரியாதவர் இல்லை. ஒருநாள் பக்கத்து ஊர்க் கோயிலில் குடமுழுக்கு. கூட்டம் கூடிய இடத்தில் ஏதாவது தின்னக் கிடைக்கும் என்று பறந்து போனான். கோபுரத்துக்கு மேலே ஒரு வட்டம் அடித்தான். கீழே அத்தனை மனிதர்களும் "கருடன், கருடன்" என்று கைகூப்பினார்கள். சிலர் அழுதார்கள்.

அன்று மாலை அவன் பசியோடுதான் திரும்பினான். ஆனால் வேறு ஆளாகத் திரும்பினான்.

இனித் தன் பெயர் கருடசாமி என்றான். மீன் என்ற சொல்லையே விட்டுவிட்டான், பிரசாதம் என்றான். அவன் சொன்னதைச் சொன்னபடி சொல்ல ஒரு மைனா வந்து சேர்ந்தான். புறாக் கூட்டில் குஞ்சுகள் காணாமல் போனபோது, சாமியின் நகத்தில் பஞ்சு இறகு ஒட்டியிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. பஞ்சாயத்து கூடியது. கருடசாமி மேலே எழும்பி மரத்தைச் சுற்றி வட்டமடித்தான். குஞ்சைப் பறிகொடுத்த புறாவே சிறகைக் கூப்பியது. வழக்கு அதோடு முடிந்தது. நாரைகள் கொண்டுவந்த வழக்கும் அப்படியே முடிந்தது.

அதன் பிறகுதான் வௌவால் பேச்சு வந்தது. இது வானத்தின் மரம், வானத்துக்குக் காலைக் காட்டித் தொங்குகிறவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று மைனா கிளை கிளையாகப் போய்க் கேட்டான். அவை எங்கிருந்தோ வந்தவை என்றான். பழம் குறைந்ததற்கும் அவைதான் காரணம் என்றான். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். ஆனால் ஒருவரும் எழவில்லை. விரட்ட ஒரு கூட்டம் வேண்டும். கூட்டம் சேர்க்க ஒரு குரல் வேண்டும்.

கருடசாமி தானே கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தான். "என்னடா மீன்திருடா" என்று கேட்கத்தான் முரசன் அலகைத் திறந்தான். அதற்குள் அவன் முரசனின் முறிந்த இறக்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அண்ணே, இந்த மரத்தை மீட்டது நீங்க. உங்களையே கீழ்க்கிளையில உட்கார வச்சிருக்காங்களே, இது அடுக்குமா? நீங்க பாதியில விட்டதைத்தான் நான் முடிக்கப் பார்க்கிறேன்."

அந்த இறக்கையைப் பற்றி யாராவது பேசி எத்தனை மழைக்காலம் ஆயிற்று? "சரி, சாமி" என்றான் முரசன். அந்தச் சொல் தன் வாயில் எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

மையாள் மட்டும், இறக்கை ஒட்டும்வரை யார் சிறகுக்கு அடியில் கிடந்தீர்கள் என்று கேட்டாள். அது வேறு, இது கொள்கை என்றான் முரசன்.

அந்தியில் வௌவால்கள் இரைதேடிப் போனதும், மேல்கிளையில் நின்று முரசன் கரைந்தான். பழைய குரல் அப்படியே வந்தது. காக்கைகள் திரண்டன. விடியலில் திரும்பிய வௌவால்களுக்குத் தொங்க ஒரு கொம்பு இல்லை, எங்கும் அலகுகள். மூத்த வௌவால் ஒன்று முரசனைத் தேடி வந்தது. திட்டவில்லை. மழைக்கு இறக்கை இன்னும் வலிக்கிறதா என்று மட்டும் விசாரித்தது. பிறகு கூட்டத்தோடு அக்கரையில் பட்டுப்போய் நின்ற இலுப்பை மரத்துக்குப் போய்விட்டது.

முரசனுக்கு மேல்கிளையில் இடம் கிடைத்தது. மாலைதோறும் மைனா அவனுடைய தியாகத்தை எடுத்துச் சொன்னான். இறக்கையை முரசன் காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

குஞ்சு வளர்ந்தது. கரையக் கற்றுக்கொடுக்கும் பருவம். அந்த விஷயத்தில் முரசனுக்குப் பெருமை அதிகம்.

"வயித்திலேருந்து வரணும்டா. எங்கே, கா."

குஞ்சு மூச்சை இழுத்தது. "கூ" என்றது.

சளியாக இருக்கும் என்று நினைத்தான். மறுநாளும் "கூ". அதற்கு மறுநாளும்.

"விடுங்க" என்றாள் மையாள். "அவனுக்கு அதுதான் வரும். குயில் முட்டை."

"உனக்குத் தெரியுமா?"

"அடைகாத்தவளுக்குத் தெரியாதா? நம்மது ஒண்ணும் பொரியலை. இது ஒண்ணுதான் பொரிஞ்சுது. வாயைத் திறந்துக்கிட்டு என்னையே பார்த்துச்சு. நான் என்ன செய்ய?"

முரசன் குஞ்சைப் பார்த்தான். அது அலகைத் திறந்து இரை கேட்டது. கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. புழுவை ஊட்டினான்.

அந்த வாரமே மைனா புதிய கட்டளையோடு வந்தான். வௌவால் போனால் மட்டும் மரம் தூய்மையாகிவிடாதாம். வேற்று முட்டையில் பிறந்தவர் எவரும் இங்கே இருக்கக் கூடாதாம். ஒவ்வொரு குஞ்சும் சபையில் குரல் கொடுத்துக் காட்ட வேண்டுமாம்.

முரசன் கருடசாமியிடம் போனான். மயில் போராட்டத்தைச் சொன்னான். தான் கூட்டிக் கொடுத்த கூட்டத்தைச் சொன்னான். கடைசியில் கெஞ்சினான். மயிலிடம்கூட அவன் கெஞ்சியதில்லை.

கருடசாமி பொறுமையாகக் கேட்டான். "அண்ணே, வௌவாலுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா? காடு சிரிக்காதா? சபைக்கு முன்னாடியே பையனை என்கிட்ட விட்டுடுங்க. சத்தமில்லாம நான் பார்த்துக்கறேன்."

அவன் நகங்கள் கிளையை இறுக்கியதை முரசன் பார்த்தான். புறாக்குஞ்சுகள் நினைவுக்கு வந்தன.

சபை கூடியது. குஞ்சு நடுக்கிளையில் நின்று அப்பனைப் பார்த்தது. கழுத்து புடைக்க முயன்றது. "கூ" என்றது. மரம் சிரித்தது. கருடசாமி மேலே எழும்பி வட்டமடிக்கத் தொடங்கினான். வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது.

முரசன் பாய்ந்து குஞ்சுக்கு முன்னால் நின்றான். தொண்டை கிழியக் கரைந்தான். மயில்களை விரட்டிய அதே குரல். காக்கைகள் வந்தன. ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அப்பனையும் மகனையும் வளைத்து நின்றுகொண்டு, யாரை விரட்டுவது என்று தெரிந்துகொள்ள மேலே பார்த்தன. கருடசாமியின் அலகு குஞ்சைக் காட்டியது.

"இவன் என் மகன்டா!" என்று முரசன் கத்தினான். அந்தக் கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. முதல் கொத்து அவனுடைய நல்ல இறக்கையில் விழுந்தது. கொத்தியது, தாத்தா என்று கேலி பேசிய இளங்காகங்களில் ஒன்று.

மையாள்தான் குஞ்சைக் கிளையிலிருந்து தள்ளிப் பறக்க வைத்தாள். மூவரும் தண்ணீரை ஒட்டி, தாழ்ந்தும் எழுந்தும் அக்கரை சேர்ந்தார்கள். பட்ட இலுப்பையில் வௌவால்கள் வெயிலில் தொங்கின. நிழலுக்கு ஓர் இலை இல்லை. முரசனுக்கு அண்ணாந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. மூத்த வௌவால் கண்ணைத் திறந்து அவனையும் குஞ்சையும் பார்த்தது. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

"மேல்கிளை எல்லாம் இங்கே கிடையாது, முரசா. தலைகீழாப் பார்த்தா எல்லாம் கீழ்க்கிளைதான்."

முரசன் சிரிக்கவில்லை. இரண்டு இறக்கையும் வலித்தன. எதிர்க்கரையில் ஆலமரத்துக்கு மேலே கருடசாமி இன்னும் வட்டமடித்துக்கொண்டிருந்தான். அடுத்து யார் கூடு என்று கேட்கத் தோன்றாமல், மரம் முழுவதும் சிறகு கூப்பி நின்றது.

அடுத்தவரை விரட்டக் கூட்டம் சேர்த்துக் கொடுத்தவன், தன் பிள்ளையைக் காக்கக் கூப்பிடும் நாளில் வந்து நிற்பதும் அதே கூட்டம்தான்.