இழவு சொல்லப் போனவர்

"இந்தப் பங்குனிக்கும் எனக்குப் பேர் கிடையாதா?"

மாசிலாமணி விளக்குமாற்றை வீசி எறிந்தார். கோபம்னா கோபம், மனுஷனுக்கு அப்படியொரு கோபம்.

வடிவம்மை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த மடத்துக்குக் குரு அவள்தான். அவளுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தாறு.

மடத்து வழக்கம் இது: பங்குனி உத்திரத்தன்று விடியலில் குளத்தில் முங்கி, பழைய வேட்டியைத் தண்ணீரோடு விட்டுவிட்டுக் கரையேறினால் குரு புதுப் பேர் வைப்பார். பழைய ஆள் அதோடு சரி.

"இதோட மூணு பங்குனி ஆச்சு தாயே! போன ஐப்பசியில வந்தவன் கண்ணுச்சாமி. அவனுக்குக் குடுக்கப்போறீங்க. இலை கூட்டிக் கூட்டி முதுகு ஒடிஞ்சவனுக்கு இல்லையா? இது என்ன நியாயம்?"

"புளி நல்லா இருக்கு இந்த வருஷம்" என்றாள் வடிவம்மை.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாசல்ல அந்தப் புங்க மரத்தைப் பாருங்க. மாசியில மொட்டையா நின்னுச்சு. இப்போ புதுசாத் துளிர்த்து மினுமினுக்குது. பழைய இலை எங்கேன்னு யாராவது அதைக் கேட்டாங்களா?"

"பார்த்தேன். நின்ன இடத்துலயேதான் துளிர்த்திருக்கு."

மாசிலாமணி அந்த மரத்தை முறைத்தார். ஒரு நிமிஷந்தான்.

"நானும் புது ஆளுதான். அந்த மாசிலாமணி செத்துட்டான்!"

"செத்தாச்சா?"

"ஆச்சு."

"இழவு சொன்னீங்களா?"

"என்னது?"

"ஒருத்தர் செத்தா வீட்டாளுங்களுக்கு ஆள் போய்ச் சொல்ல வேண்டாமா? நாலு நாளா வாசல்ல ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க. மாசிலாமணின்னு ஒருத்தரைக் கேட்டு. நீங்கதான் கதவுக்குப் பின்னால நின்னு 'அப்படி யாரும் இல்லே'ன்னு கத்தினீங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது.

"சொல்லிட்டு வாங்க. வந்ததும் பேர் வைக்கிறேன்."

இவ்வளவுதானா! துண்டை எடுத்து முகத்தில் பாதியை மூடிக் கட்டிக்கொண்டார். தாடிதான் நெஞ்சுவரை தொங்குகிறதே, யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது? விறுவிறுவென்று போய்க் கதவைத் திறந்தார்.

புங்க மரத்தடியில் செவந்தி உட்கார்ந்திருந்தாள். அவர் பெண்டாட்டி. தலை பாதி நரைத்துப்போயிருந்தது. அவர் வீட்டை விட்டுக் கிளம்பியபோது அப்படி இல்லை.

"அம்மா, நீங்க தேடுற ஆள் செத்துட்டாரு" என்றார், குரலை மாற்றி.

அவள் அழவில்லை.

"எப்போ சாமி?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"அடப்பாவமே. அடுப்புல குழம்பை வச்சுட்டு நின்னேன் சாமி. தாளிக்க எண்ணெய் இல்லேன்னேன். இதோ வாங்கிட்டு வரேன்னு தூக்குச் சட்டியை எடுத்துட்டுப் போனவரு. அன்னைக்கேவா செத்தாரு?"

மாசிலாமணி துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா நான் கோயிலுக்குப் போனா, பூ வச்சிருக்கியே, உன் புருஷன் இருக்கானான்னு கேக்குறாங்க. பூ வைக்காமப் போனா, ஏன் வைக்கலேன்னு கேக்குறாங்க. என்ன பதில் சொல்ல? இன்னைக்குத்தான் எனக்குப் பதில் கிடைச்சுது."

எழுந்தாள். தாலிக் கயிற்றை வெளியே எடுத்து அவர் முன்னால் வந்து நின்று கழுத்தைச் சாய்த்தாள்.

"சேதி சொன்ன வாயி உங்களோடது. கையும் உங்களோடதா இருக்கட்டும். கழட்டுங்க சாமி."

"அம்மா, அது வந்து..."

"கழட்டுய்யா!"

தெருவே அதிர்ந்தது.

"நாலு நாளா கதவுக்குப் பின்னால இருந்து கத்துன குரல் எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷம் என்னை அதட்டுன குரலாச்சே! நீ புதுசாப் பொறக்கணும்னா பொற. வேண்டாங்கல. நான் யாருன்னு சொல்லிட்டுப் போய்ப் பொற! உனக்குப் பொண்டாட்டியா, இல்லை தாலி அறுத்தவளா?"

மாசிலாமணியின் கை மஞ்சள் கயிறுவரை போயிற்று. போன கை அப்படியே நின்றது.

துண்டை அவிழ்த்தார்.

"சாகலை செவந்தி" என்றார். சொந்தக் குரல்தான். "பயந்து ஓடிட்டேன். உன்கிட்டச் சொல்லிட்டுப் போகக்கூட எனக்குத் தைரியம் இல்லே."

செவந்திக்கு இப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே அவர் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். அவர் வாங்கிக்கொண்டார்.

பின்னால் கதவு கிறீச்சிட்டது. வடிவம்மை நின்றிருந்தாள். அவள் கையில் ஒரு தூக்கு. அவர் வந்த அன்றே அடுக்களை ஆணியில் மாட்டிவிட்டு மறந்துபோன தூக்கு. இப்போது அதில் எண்ணெய் தளும்பிக்கொண்டிருந்தது.

அதை அவர் கையில் கொடுத்தாள்.

"தாயே, என் பேரு?"

இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடாதவள் சொன்னாள்:

"மாசிலாமணி. சிந்தாமக் கொண்டுபோங்க."