திரும்பப் போட முடியாத பூட்டு

பொதிகை மலையடிவாரத்தில் சிவகாமி அம்மையின் மடம் இருந்தது. அங்கிருந்த சீடர்களில் மூத்தவர் திருமேனி. மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வந்து சேர்ந்தவர். அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அம்மை முன்னால் திருமேனி உட்கார்ந்து பேசியதில்லை.

மடத்துக் கடிதப் போக்குவரத்துக்காக ஒரு லேப்டாப் வாங்கியிருந்தார்கள். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. மேலே ஒட்டியிருந்த கண்ணாடித் தாளைக்கூட யாரும் இன்னும் உரிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு திருமேனிக்கு.

ஒரு நாள் காலை அவருடைய பட்டன் போன் அடித்தது. மஸ்கட்டிலிருந்து தம்பி மகள் கோமதி.

“பெரியப்பா, அப்பாவுக்கு இன்னைக்கு நெஞ்சுல ஆபரேஷன். உள்ள போறதுக்கு முன்னாடி உங்க முகத்தைப் பாக்கணும்னு சொல்லுதாங்க. ஆஸ்பத்திரியோட சாப்ட்வேர் இருந்தாத்தான் பேச விடுவாங்களாம். மெயில்ல அனுப்பியிருக்கேன். சீக்கிரம் போடுங்க பெரியப்பா.”

தம்பி சங்கரலிங்கம் அவரோடு பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது.

திருமேனி அலுவல் அறைக்கு ஓடினார். மடத்தில் யாரிடமும் தொடுதிரை போன் கிடையாது. இருந்தது அந்த லேப்டாப் ஒன்றுதான். கோமதி அனுப்பியதை இறக்கினார். திறக்கப் பார்த்தார்.

திறக்கவில்லை. லேப்டாப் கம்பெனியின் இணையக் கடையில் உள்ளதை மட்டுமே இந்தக் கணினியில் போட முடியும் என்று திரை சொன்னது. கடைக்குள் போய்த் தேடினார். ஆஸ்பத்திரியின் சாப்ட்வேர் அங்கே இல்லை. அமைப்புகளுக்குள் புகுந்து புகுந்து தேடி, கடைசியில் பூட்டை நீக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்.

‘இந்தப் பூட்டை ஒருமுறை நீக்கினால் திரும்பப் போட முடியாது. நிச்சயமா?’

கீழே ஒரு பொத்தான்.

அவர் அதை அழுத்தவில்லை. எழுந்து பின்கட்டுக்கு ஓடினார்.

அம்மை தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசி சுரண்டிக்கொண்டிருந்தார். திருமேனி மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னார்.

“பூட்டை நீக்குங்க,” என்றார் அம்மை.

“நீக்கினா கண்ட கண்ட திருட்டுச் சரக்கெல்லாம் உள்ள வந்துரும்மா. மடத்துப் பொருளு.”

“மடத்துக்கு நாந்தானே பொறுப்பு? நீக்குங்க.”

“மறுபடி போட முடியாதும்மா.”

அம்மை சுரண்டுவதை நிறுத்தினார். திருமேனியின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். தொட்டியிலிருந்து ஏறி, ஈரக் காலோடு அவர் பின்னால் நடந்தார்.

அறையில் திருமேனி நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மை பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அது திருமேனிக்கு உறைக்கவே இல்லை. மௌஸின் மேல் கை இருந்தது. விரல் அசையவில்லை.

போன் மறுபடி அடித்தது.

“பெரியப்பா, ஸ்ட்ரெச்சர் வந்துட்டு. போட்டாச்சா?”

“இந்தா... போடுதேன் தாயி.”

விரல் அப்போதும் அசையவில்லை.

“அம்மா, நீங்களே அழுத்திருங்க.”

அம்மை இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

“தம்பிக்கும் உங்களுக்கும் என்ன?”

“இப்பவா அதைக் கேக்கீங்க?”

“இப்பத்தான்.”

திருமேனி திரையைப் பார்த்தபடியே சொன்னார். “எங்கம்மா செத்தப்ப அவன் மஸ்கட்லேருந்து கிளம்பிட்டான். வந்துக்கிட்டே இருக்கேன், இருங்கன்னு வழியெல்லாம் போன் பண்ணினான். ஊர்ல பொழுது சாயுதுன்னாங்க. நான் கொள்ளி வச்சுட்டேன். அவன் வந்து நிக்கும்போது சாம்பல்தான் இருந்துச்சு. கையில இருந்த பெட்டியக்கூடக் கீழ வைக்காம நின்னான். என்னை ஒரு வார்த்தை கேக்கலை. அப்படியே திரும்பிப் போயிட்டான்.”

“கொள்ளி வைக்கிறதுக்கு முன்னால, நிச்சயமான்னு உங்களை யாராவது கேட்டாங்களா?”

“இல்லம்மா.”

“இது கேக்குது.”

திருமேனி அழுத்தினார்.

பூட்டு போயிற்று. சாப்ட்வேர் பதியத் தொடங்கியது. பச்சைக் கோடு பாதி வந்து நின்றது. மறுபடி நகர்ந்தது. ஏதேதோ கேட்டது, எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அழுத்தினார். திரை ஒருமுறை கறுத்து, பிறகு வெளுத்தது.

வெளுப்பில் ஒரு முகம். பச்சைத் தொப்பிக்குக் கீழே பெற்ற அம்மாவின் அதே மூக்கு.

“அண்ணே.”

திருமேனி திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“என்னண்ணே, இப்படி இளைச்சுட்டே. சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேம்லே. நீ பயப்படாதே.”

அவ்வளவுதான். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு கை குறுக்கே வந்தது. கூரை விளக்குகள் ஓடின. ஒரு கதவு. அப்புறம் கோமதியின் அழுத முகம். பிறகு ஒன்றுமில்லை.

திருமேனி வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். அம்மையும் எழுந்திருக்கவில்லை. ஈரக் கால் காய்ந்து தரையில் பாசித் தடம் படிந்திருந்தது.

“மன்னிச்சிருலேன்னு சொல்லணும்னு இருந்தேம்மா. வாய் வரலை.”

திருமேனி மௌஸிலிருந்து கையை எடுத்தார்.

“அவன் பொழைப்பானா?”

“தெரியாது.”

“இவ்வளவு பாடுபட்டுச் சொன்னது ரெண்டு வார்த்தை. அதுலயும் ஒண்ணு பொய்.”

“எது?”

“சாப்பிட்டேன்னது. காலையில இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை.”

அம்மை எழுந்து சேலையை உதறிக்கொண்டார்.

“தம்பி கண்ணு முழிக்கிறதுக்குள்ள அதை மெய்யாக்கிருங்க.”