ஒன்பதாவது அடி

யானை மேல் உட்கார்ந்து மைக் பிடித்து மனை விற்றவன் 'யானை' ஏகாம்பரம். ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அந்த மூஞ்சிதான் இளிக்கும். பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அந்தச் சித்திரையில் காய்ந்து கிடந்த ஏரிக்குள்ளேயே கொடி நட்டான். ஆயுசுக்கு ஒரு வீடாவது வேண்டுமென்று ஏங்கிய ஜனங்களை, இலவச வேன், பிரியாணி என்று ஆசை காட்டிக் கொண்டுவந்து இறக்கினான்.

பிளக்ஸ் கட்ட வந்த கூலிக்காரி பூங்காவனம், அங்கே நின்ற ஒரே கல்தூணில் அவன் படத்தைக் கட்டினாள்.

"ஏய், அறிவிருக்கா? என் மூஞ்சியை வானத்துலயா கட்டுவே? கீழே இறக்குடி!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினான்.

"இறக்கினா ஆபத்து சார்" என்றவள், ஈரத்துணியால் தூணை அழுத்தித் துடைத்தாள். நேற்று அவன் அவசரமாகப் பூசிய சுண்ணாம்பு கரைந்தது. ஏரியின் நீர்மட்டம் பார்க்கும் அடிக்கணக்கு எண்கள் வரிசையாகத் தெரிந்தன.

"போன ஐப்பசியில தண்ணி எட்டு வரைக்கும் நின்னுது. அதான் உங்களை ஒன்பதுல கட்டினேன். நீங்க தப்பிச்சிடுவீங்க. இவங்க புள்ளைங்களை எந்த நம்பர்ல கட்டித் தொங்கவிடறது?"

ஒன்பதடி உயரம்தான். முதல் பிரியாணிப் பொட்டலமே அந்த மூஞ்சியில் குறி தவறாமல் விழுந்தது.