புகைமூஞ்சியும் பூசணியும்

முன்னொரு காலத்தில், காலையில் நினைத்ததை உச்சிப்பொழுதுக்குள் சட்டமாக்கிவிடும் மன்னர் ஒருவர் இருந்தார். நல்லவர். அவசரக்காரர். அவர் சபையின் விகடன் பெயர் சடையன்.

சடையன் அந்த ஊர்க்காரன் இல்லை. மலைக்கு அப்பாலிருந்து வந்து, காட்டோரம் விறகை அடுக்கி மண் பூசி மூட்டம் போட்டுக் கரி எரிக்கும் கூட்டத்தில் பிறந்தவன். அவர்கள் நிறம் வேறு, பேச்சு வேறு. ஊரார் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். புகைமூஞ்சி. குடிக்கத் தண்ணீர் கேட்டால் அந்தச் சொல்லோடுதான் உயரத்திலிருந்து கையில் ஊற்றுவார்கள். கோட்டை வாசலில் அந்தச் சொல்லோடுதான் ஓரமாக நிறுத்துவார்கள்.

ஒருநாள் வாசல் காவலன் சடையனையே அப்படிச் சொல்லி நிறுத்தினான். பின்னால் வந்த பல்லக்கில் மன்னர் இருந்தார்.

"இனி என் நாட்டில் அந்தச் சொல் கிடையாது. சொன்னவனுக்குப் பத்துச் சவுக்கடி" என்றார்.

சடையன் தரையைத் தொட்டுக் கும்பிட்டான். பிறந்தது முதல் தன் மேல் விழுந்துகொண்டிருந்த ஒன்றை ஒருவர் கை நீட்டித் தடுத்தது அதுவே முதல்முறை. அந்த நன்றி அவனுக்குக் கடைசிவரை இருந்தது.

சட்டத்தை எழுதியவர் மன்னரின் தலைமை அமைச்சர், பிரதானி வரதராயர். மன்னர் தன்னைவிட விகடனை அதிகம் தேடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஓலையில் ஒரு வரியைத் தாமாகச் சேர்த்தார்: 'யார் சொன்னாலும், எதற்காகச் சொன்னாலும்.'

சடையன் அப்போது அந்த வரியைக் கவனிக்கவில்லை. அவன் மனைவி பூவாயி இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சபையில் எல்லோரையும் சிரிக்கவைத்தான். அவன் சிரிக்கவில்லை.

பூவாயி இருந்தபோது, சந்தையில் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு அவன் வீடு திரும்பினால், ஈரத்துணியால் அவன் முகத்தைத் துடைப்பாள். "வந்துட்டியா என் புகைமூஞ்சி" என்பாள். அதே சொல்தான். அவள் வாயில் அது வலித்ததில்லை. அவள் போன பிறகு அப்படிக் கூப்பிட ஒரே ஒரு வாய்தான் மீதி. பூவாயியின் தாய் காத்தாயி. சடையனின் அப்பாவோடு பிறந்தவளும் அவளே.

ஒரு மாலை, மூட்டத்துக்கு மண் பூசிக்கொண்டிருந்த காத்தாயி குரல் கொடுத்தாள்.

"டேய் புகைமூஞ்சி! கஞ்சி ஆறுது. எந்திரிச்சு வாடா."

புதருக்குப் பின்னாலிருந்து வரதராயரின் சேவகர்கள் இருவர் எழுந்து வந்தார்கள்.

மறுநாள் காத்தாயி சபையில் நின்றாள். கையில் கரி போகவில்லை. புகையில் பழுத்த இருமல் நிற்கவில்லை. பத்து அடி தாங்கும் உடம்பு இல்லை அது.

"அரசே, இவள் சட்டம் விலக்கிய சொல்லைச் சொன்னாள். அதுவும் தங்கள் அன்புக்குரிய விகடரைப் பார்த்து" என்றார் வரதராயர்.

"எந்தச் சொல்லுங்க சாமி?" என்றாள் காத்தாயி.

"அந்தச் சொல்தான்."

"எந்தச் சொல்லுன்னு சொல்லாம எதுக்கு அடிப்பீங்க?"

"புகைமூஞ்சி!" என்று கத்தினார் வரதராயர்.

சடையன் சவுக்குக்காரனைப் பார்த்தான். "அண்ணே, பிரதானிக்குப் பத்து. மேல்சட்டையைக் கழற்றச் சொல்லவா?"

வரதராயர் இரண்டடி பின்வாங்கினார். "நான் யாரையும் திட்டவில்லை! குற்றத்தை எடுத்துச் சொன்னேன்."

"எதற்காகச் சொன்னாலும் என்று எழுதியிருக்கிறதே?"

மன்னர் மீசையைத் தடவினார். "சாட்சி சொல்வது திட்டுவதாகாது. அதை விடு, சடையா."

"விட்டேன் மன்னா. அப்படியானால் 'எதற்காக' என்பதை அடித்துவிடலாம்."

"'யார்' என்பது நிற்கிறது!" என்றார் வரதராயர். "சொல் சொல்தான். காவலன் சொன்னால் அடி, இவள் சொன்னால் இல்லை என்றால் அது என்ன நீதி?"

மன்னர் சங்கடப்பட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஊரறியப் பறையடித்த சட்டம். "சடையா, உச்சி மணி வரை நேரம் தருகிறேன். யார் சொல்கிறார் என்பதால் ஒரு சொல் மாறும் என்று இந்தச் சபையில் காட்டு. வாதம் வேண்டாம். கண்ணால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அடி விழும்."

"வேறு யாரும் வேண்டாம் மன்னா. பிரதானியே காட்டுவார்" என்றான் சடையன். தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். வேறொன்றும் செய்யவில்லை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மன்னர் வேலையில் பசியை மறப்பவர். உச்சி மணி அடித்ததும், அவரைத் தூக்கி வளர்த்த அக்கா பெரியநாச்சியார் நேராகச் சபைக்குள் நடந்துவந்து சாப்பிடக் கூப்பிடுவார். எப்படிக் கூப்பிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள்.

மணி அடித்தது. பெரியநாச்சியார் வந்தார்.

"டேய் பூசணி! சோறு ஆறுது. எழுந்து வாடா."

"இதோ வந்துட்டேன் அக்கா" என்றார் மன்னர். எழவில்லை. வழக்கை நினைத்து உட்கார்ந்திருந்தார்.

சடையன் எழுந்தான். "பிரதானி அவர்களே, மன்னர் இன்னும் எழவில்லை. பசியோடு இருக்கிறார். நீங்கள் ஒருமுறை கூப்பிடுங்கள். சொல் சொல்தானே? நாச்சியார் சொன்னதையே சொல்லுங்கள். ஒன்றும் கூட்டவேண்டாம், குறைக்கவேண்டாம்."

சபை கூரையிலிருந்து கண்ணை இறக்கியது.

வரதராயர் வாயைத் திறந்தார். "பூ..." என்றார். மன்னரின் வயிற்றைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மன்னரின் காது சிவந்துகொண்டிருந்தது. மெய்க்காவலன் வாளின் பிடியில் கை வைத்தான்.

"சொல்லும். கேட்கிறேன்" என்றார் மன்னர்.

வரதராயர் மண்டியிட்டார். "அடியேனால் முடியாது அரசே! நாச்சியார் தங்களைத் தூக்கி வளர்த்தவர். அவர் சொல்வது வேறு, நான் சொல்வது வேறு!"

சடையன் காத்தாயியின் பக்கம் திரும்பினான்.

"அத்தை, கேட்டியா? பிரதானி உனக்காகப் பேசுகிறார்" என்றான் சடையன்.

மன்னர் சிரிக்கத் தொடங்கினார். பூசணி குலுங்கியது. சிரித்துக்கொண்டே ஓலையை வாங்கி அந்த வரியைத் தாமே கீறி அழித்தார். முத்துமாலையைக் கழற்றிச் சடையன் கழுத்தில் போட்டார்.

"பிழைத்தாய்! வாடா என் புகைமூ..."

"மன்னா."

சடையன் குரலை உயர்த்தவில்லை. "என்னைக் காக்க முதலில் கை நீட்டியவர் தாங்கள். அதை மறக்கமாட்டேன். ஆனால் அந்தச் சொல் தங்களுடையது இல்லை. நாங்கள் வாசலில் நின்றபோது தாங்கள் பல்லக்கில் இருந்தீர்கள்."

சிரிப்பு நின்றது.

பெரியநாச்சியார்தான் முதலில் சிரித்தார். "கேட்டுக்கோடா பூசணி."

மன்னர் காத்தாயியைப் பார்த்தார். "அம்மா, நான் என்றைக்காவது சொல்லலாமா?"

"ஒரு மழைக்காலம் எங்ககூட மூட்டம் காத்துப் பாருங்க சாமி. அப்புறமா கேளுங்க."

மன்னர் முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தார். "வேண்டாம் தாயே, சடையன் என்றே கூப்பிடுகிறேன்!" காத்தாயியைத் தம் பல்லக்கிலேயே அனுப்பிவைக்கச் சொன்னார். அவளை அதில் தூக்கி ஏற்றிவிடும் வேலை வரதராயருக்கு.

பல்லக்கு கோட்டை வாசலைத் தாண்டியது. காவலன் ஒதுங்கி நின்றான். சடையன் பக்கத்தில் நடந்தான். திரை விலகியது. கரி படிந்த கை ஒன்று வெளியே வந்தது.

"டேய் புகைமூஞ்சி, வெயில்ல ஏண்டா நடக்குறே? ஏறு."

அந்தச் சொல்லைச் சொல்ல இன்னும் ஒருத்தி இருக்கிறாள்.

"இதோ அத்தை" என்றான். பூவாயி போன பிறகு அன்றுதான் சிரித்தான். ஏறிக்கொண்டான்.